ஃபூஜி மலையில் இரவோடு இரவாக ஏறி இறங்க நினைக்கும் தம்பதிக்கு

ஆகஸ்ட் நடுவில் ஜப்பான் செல்லவிருக்கும் ஒரு தம்பதியின் கேள்விக்கான பதில் இது. மாலையில் டோக்கியோவின் ஷின்ஜுகுவிலிருந்து பேருந்தில் கிளம்பி, இரவில் ஃபூஜி மலையின் ஐந்தாம் நிலையத்தை (அடிவாரம் முதல் உச்சி வரை பத்து நிலையங்களாகப் பிரித்த மலைத் தடத்தில், வண்டிகள் சென்று சேரும் நடுக்கட்டம்) அடைந்து, எங்கும் தங்காமல் விடிய விடிய ஏறி, உச்சியில் சூரிய உதயம் பார்த்துவிட்டு இறங்கி, அன்று மாலையே கியோத்தோவுக்கு ரயில் பிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். கணவர் தவறாமல் ஓட்டப்பயிற்சி செய்பவர். மனைவிக்கு நடைப்பழக்கம் குறைவு. இருவரும் இலங்கையில் சிவனொளிபாத மலையை இரவில் ஏறி முடித்தவர்கள் என்பதால், இதுவும் அதுபோலத்தானே என்ற நம்பிக்கை இருக்கிறது. கைவசம் இருப்பவை ஓட்டக் காலணி, ஊட்டிப் பயணத்துக்கு வாங்கிய குளிர்ச்சட்டை, கைப்பேசி விளக்கு.

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டம் இப்போது விதிப்படியே நடக்காது. ஷின்ஜுகு பேருந்துகள் சென்று சேர்கிற யோஷிதா தடத்தில், ஐந்தாம் நிலையத்தில் 2024-ஆம் ஆண்டு ஒரு நுழைவாயில் அமைத்தார்கள். 2025-ஆம் ஆண்டு முதல் அது பிற்பகல் 2 மணிக்கு அடைக்கப்பட்டு மறுநாள் அதிகாலை 3 மணிக்குத்தான் திறக்கப்படுகிறது. இடைப்பட்ட நேரத்தில் மலைக்குடிலில் படுக்கை முன்பதிவு செய்தவர்களை மட்டுமே உள்ளே விடுகிறார்கள். ஒருவருக்கு 4,000 யென் கட்டணம், ஒரு நாளைக்கு 4,000 பேர் என்ற வரம்பு ஆகியவையும் உண்டு. போதிய உடையும் காலணியும் இல்லாமல் வருபவர்களைத் திருப்பி அனுப்பும் அதிகாரமும் அங்கிருக்கும் பணியாளர்களுக்கு இருக்கிறது. ஷிசுவோகா மாகாணப் பக்கத்திலுள்ள சுபாஷிரி, கோத்தெம்பா, ஃபூஜினோமியா ஆகிய மூன்று தடங்களிலும் இதே கட்டணமும் இதே நேரக் கட்டுப்பாடும் வந்துவிட்டன. ஆகவே வேறு வழியாகப் போய்விடலாம் என்ற எண்ணத்துக்கும் இடமில்லை. இந்த விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. புறப்படும் ஆண்டின் அறிவிப்பை அவசியம் பார்த்துக்கொள்ளுங்கள்.

விதி தடுக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால், பிற்பகல் 1.50-க்கு நுழைந்துவிட்டுக் குடில் இல்லாமலே இரவு முழுக்க மலையில் கிடக்கலாமே என்று யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் வசிப்பவனாக, ஊரிலிருந்து வரும் நண்பர்களையும் உறவினர்களையும் இந்தத் தடத்தில் அழைத்துச் சென்று பழகியவனாக, அந்த எண்ணம் ஏன் ஆபத்தானது என்பதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். முக்கியமாக, இரண்டு பேராகச் செல்பவர்களுக்கு இந்த மலையில் தனியாக ஓர் ஆபத்து காத்திருக்கிறது. வழிகாட்டிக் குறிப்புகளில் அதைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை.

சிவனொளிபாத மலையோடு ஒப்பிட்டதிலிருந்தே தொடங்கலாம். அதன் உச்சி 2,243 மீட்டர். ஃபூஜியில் நீங்கள் பேருந்தைவிட்டு இறங்கும் யோஷிதா ஐந்தாம் நிலையமே 2,305 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது, அங்கே எந்த உயரத்தில் கும்பிட்டுவிட்டுத் திரும்பினீர்களோ, அதற்கும் மேலேதான் இங்கே முதல் அடியை எடுத்து வைக்கிறீர்கள். அங்கிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம் ஏற வேண்டும். சராசரியாக ஆறு மணி நேரம் ஆகும். உச்சியான 3,776 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். டோக்கியோவில் மதியச் சாப்பாட்டை முடித்த உடம்பு, அரை நாளுக்குள் அந்த மெல்லிய காற்றுக்குப் பழகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பலருக்கு அது முடிவதில்லை. தலைவலி, குமட்டல், பசியின்மை, காரணமில்லாத எரிச்சல், கால்கள் தள்ளாடுவது ஆகியவை உயர நோயின் அடையாளங்கள். உடல் தகுதி இதற்குக் காப்பு அல்ல என்பதை ஓட்டப்பயிற்சி செய்யும் கணவர் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டும். கால்வலு இருப்பவர்கள் ஆரம்பத்தில் வேகமாக ஏறிவிடுவதால், சில வேளைகளில் அவர்களுக்குத்தான் முதலில் தலை வலிக்கத் தொடங்குகிறது. கடைகளில் விற்கும் பிராணவாயுக் குப்பி சில நிமிட ஆறுதல் மட்டுமே தரும். உண்மையான மருந்து கீழே இறங்குவதுதான்.

அடுத்தது குளிர். ஆகஸ்டில் டோக்கியோ நம்மூர்ப் புழுக்கத்தோடு இருக்கும். அதே நாளில் உச்சியின் சராசரி வெப்பநிலை 6 டிகிரி அளவில்தான் இருக்கும், விடியலுக்கு முன் அதற்கும் கீழே போகும். மரமோ புதரோ இல்லாத எரிமலைச் சரிவு என்பதால் காற்றுக்குத் தடுப்பே கிடையாது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால், உடம்பு உணரும் குளிர் மேலும் 10 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும் என்பது மலையேறுபவர்கள் கையாளும் கணக்கு. ஏறும்போது வியர்வையில் பனியன் நனைந்திருக்கும். உச்சியை நள்ளிரவு தாண்டி அடைந்துவிட்டால், ஆகஸ்ட் நடுவில் ஐந்து மணியை ஒட்டி வரும் உதயத்துக்காக இரண்டு மூன்று மணி நேரம் அந்த ஈரத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். குடில்களின் மரச்சுவரை ஒட்டி, நுழைவுத் திண்ணையின் ஓரத்தில், மெல்லிய நெகிழி மழையங்கியைப் போர்த்திக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி நடுங்கும் இளம் தம்பதிகளை நான் பார்த்திருக்கிறேன். முன்பதிவு செய்தவர்களாலேயே குடில் நிரம்பியிருக்கும் என்பதால், உள்ளே அழைக்க நினைத்தாலும் குடில்காரர்களுக்கு இடம் இருக்காது. பேசும்போது நாக்கு குழறுகிறது, கைவிரலால் பையின் ஜிப்பை இழுக்க முடியவில்லை என்ற நிலை வந்துவிட்டால் அது வெறும் குளிர் அல்ல. உடல் வெப்பம் அபாயகரமாகக் குறைகிறது என்று பொருள்.

இனி, தம்பதிக்கே உரிய ஆபத்துக்கு வருகிறேன். இரண்டு பேரின் வேகம் ஒன்றாக இருப்பது அரிது. உங்கள் விஷயத்தில் அது வெளிப்படையாகவே தெரிகிறது. ஏழாம் நிலையத்துக்கு மேல் தடம் பாறையாக மாறும்; சில இடங்களில் கையை ஊன்றி ஏற வேண்டியிருக்கும். எட்டாம் நிலையத்தை அடையும்போது உயரம் 3,000 மீட்டரைத் தாண்டிவிடும். அங்கேதான் பெரும்பாலும் அந்தப் பேச்சு எழுகிறது: "என்னால முடியல, நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்." இவ்வளவு செலவு செய்து வந்துவிட்டோமே, ஒருவராவது உச்சியைப் பார்க்கட்டுமே என்ற அன்பில் சொல்லப்படும் வார்த்தை அது. கணவர் தயங்கிவிட்டு ஒப்புக்கொள்கிறார். ஃபூஜியில் செய்யக்கூடாத காரியங்களில் முதலாவதாக நான் வைப்பது இதைத்தான்.

யோஷிதா தடத்தில் ஏறும் வழி வேறு, இறங்கும் வழி வேறு. குடில்கள் எல்லாம் ஏறும் வழியில் வரிசையாக இருக்கின்றன. இறங்கும் வழியோ, இழுவை வண்டிகள் பொருள் ஏற்றிச் செல்லும் அகலமான சரளைப் பாதை. அது வளைந்து வளைந்து இன்னொரு சரிவில் போகிறது. இரண்டையும் இணைக்கும் குறுக்குவழிகள் சில இடங்களில் மட்டுமே உண்டு. உச்சிக்குப் போன கணவர் எல்லோரோடும் சேர்ந்து இறங்கினால், மனைவி காத்திருக்கும் குடிலின் வாசல் வழியாக வரவே மாட்டார். மனைவி ஏறும் வழியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க, கணவர் பக்கத்துச் சரிவில் அவரைத் தாண்டிக் கீழே போய்விட்டிருப்பார். சரி, ஏறிய வழியிலேயே இறங்கி வருகிறேன் என்று அவர் முடிவெடுத்தாலும், உதயத்தை நோக்கி நூற்றுக்கணக்கானோர் மேலேறிக்கொண்டிருக்கும் குறுகலான பாறைத் தடத்தில் எதிர்த்திசையில் இறங்குவது அவருக்கும் பிறருக்கும் ஆபத்து.

கைப்பேசி இருக்கிறதே என்பீர்கள். வெளிநாடு வரும் நம்மவர்கள் பலர் ஒரே ஒரு இணைய சிம் வாங்கி, ஹாட்ஸ்பாட் வழியாக இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். பிரிந்த அந்த நொடியிலேயே ஒருவருக்குத் தொடர்பு அறுந்துவிடும். குளிரில் மின்கலம் வேகமாக வடியும். விளக்காகவும் அதையே பயன்படுத்தினால் நள்ளிரவுக்குள் அணைந்துவிடும். போதாததற்கு, பணம், சில்லறை, பேருந்துச் சீட்டு, தங்குமிடத்தின் பெயர் எல்லாம் ஒருவர் பையிலேயே இருக்கும். ஆகவே மலைக்குப் போவதற்கு முன்பே, இருவரிடமும் தனித்தனி சிம், தனித்தனித் தலைவிளக்கு, பாதிப் பாதிப் பணம், தண்ணீர், மழையுடை ஆகியவை இருக்குமாறு பிரித்துக்கொள்ளுங்கள். பிரிய மாட்டோம் என்ற உறுதியோடு, பிரிந்துவிட்டாலும் சமாளிக்கும் ஏற்பாடும் வேண்டும்.

இறங்கும் வழியில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. யோஷிதாவும் சுபாஷிரியும் உச்சியிலிருந்து எட்டாம் நிலையம் வரை ஒரே பாதையாக வந்து, அங்கே ஒரு குடிலின் அருகே இரண்டாகப் பிரிகின்றன. யோஷிதாவுக்கு மஞ்சள் பலகை, சுபாஷிரிக்குச் சிவப்புப் பலகை. தூக்கமில்லாத கண்களோடும் நடுங்கும் முழங்கால்களோடும் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தே இறங்குபவர்கள், சிவப்பு வழியில் தன்னையறியாமல் போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. அது மலையின் கிழக்குப் பக்கத்தில், வேறொரு மாகாணத்தில் கொண்டுபோய் விடும். உங்கள் பேருந்தும் பெட்டிகளும் இந்தப் பக்கம் இருக்கும். வாடகைக் காருக்கு ஆகும் செலவோ பயணத் திட்டத்தையே குலைத்துவிடும். பாதி தூரம் போன பிறகு தெரிந்தால், மீண்டும் ஏறி வரக் கால்கள் ஒத்துழைக்காது. எனவே மஞ்சள் பலகையைக் கண்ணால் பார்த்து, இருவரும் வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்துகொண்ட பிறகே அந்த இடத்தைத் தாண்டுங்கள்.

ஏறுவது மூச்சைச் சோதிக்கும், இறங்குவது முழங்காலைச் சோதிக்கும். நான்கு மணி நேரம், ஒரே மாதிரியான சாய்வில், காலுக்கடியில் எரிமலைச் சரளை உருண்டுகொண்டே இருக்கும். உங்கள் ஓட்டக் காலணியின் வலைத்துணி வழியாகக் கருந்துகள் உள்ளே புகுந்து காலுறைக்குள் அரைக்கும். கணுக்காலுக்குப் பிடிமானம் இல்லாததால் ஒவ்வோர் அடியும் வழுக்கும். இந்தப் பக்கம் நிழல் கிடையாது, தண்ணீர் வாங்கக் கடை கிடையாது, ஏழாம் நிலையத்தருகில் ஒரு கழிப்பறை தவிர வேறு வசதியும் கிடையாது. இரவெல்லாம் விழித்தவர்கள் காலை ஒன்பது மணி வெயிலில் இந்தச் சரளையில்தான் விழுகிறார்கள். அன்று மாலையே கியோத்தோ ரயில் என்ற எண்ணத்தைக் கைவிடச் சொல்வதற்கு இதுவே முதற்காரணம். பிடிக்க வேண்டிய ரயில் ஒன்று இருந்தால் மனிதர்கள் மலையில் அவசரப்படுவார்கள்.

அப்படியானால் எப்படிப் போகலாம் என்பதற்கு என் யோசனை இது. இரண்டு பகல், ஓர் இரவு ஒதுக்குங்கள். முதல் நாள் காலையில் கிளம்பி 11 மணிக்குள் ஐந்தாம் நிலையத்தை அடையுங்கள். அங்கே குறைந்தது ஒரு மணி நேரம் சும்மா உலாவி, சாப்பிட்டு, உடம்பை உயரத்துக்குப் பழக்குங்கள். பிறகு நடைப்பழக்கம் குறைந்தவர் முன்னால் செல்ல, மற்றவர் பின்னால் செல்ல வேண்டும். இந்த வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்ற வேண்டாம். முன்னால் செல்பவரின் மூச்சுதான் இருவருக்கும் வேகக் கணக்கு. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகமே சரியான வேகம். மாலை நான்கு, ஐந்து மணிக்குள் ஏழாம் அல்லது எட்டாம் நிலையக் குடிலை அடைந்துவிடலாம். வந்தவுடன் படுத்துவிடாதீர்கள், தூக்கத்தில் மூச்சு மேலோட்டமாகிவிடுவதால் தலைவலி கூடும். சற்று நேரம் வெளியே உட்கார்ந்து ஆழ மூச்சு விட்டு, தண்ணீர் குடித்த பிறகு படுங்கள். மதுவைத் தொடாதீர்கள்.

குடில் என்றதும் விடுதியை எண்ணிக்கொள்ள வேண்டாம். தோளோடு தோள் உரசும் வரிசைப் படுக்கை, குளியல் இல்லை, கைகழுவத் தண்ணீர்கூட அரிது. அதற்கே ஒருவருக்குப் பத்தாயிரம் யென்னுக்கு மேல் ஆகும். மலையில் ஓடையோ ஊற்றோ இல்லாததால் அரை லிட்டர் தண்ணீர் 500 யென் அளவில் விற்கும். கழிப்பறைக்கு ஒவ்வொரு முறையும் 200, 300 யென் நாணயமாகப் போட வேண்டும் என்பதால் 100 யென் நாணயங்களைக் கீழேயே மாற்றிக்கொள்ளுங்கள். இரவு உணவு பெரும்பாலும் சோறும் ஜப்பானியக் கறிக் குழம்பும். அதில் இறைச்சி இருக்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். சைவம் மட்டும் உண்பவர்கள் முன்பதிவின்போதே கேட்டுவிட்டு, அதை மட்டும் நம்பியிராமல் கடலைமிட்டாய், பேரீச்சை, முந்திரி போன்றவற்றைத் தாராளமாக எடுத்துச் செல்லலாம். உயரத்தில் பசி மந்தப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக வாயில் போட்டுக்கொள்ள இவற்றைப்போல் உதவுபவை வேறில்லை. குப்பையை மலையில் போட இடமில்லை. எல்லாவற்றையும் பையில் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

உதயத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தி உண்டு. யோஷிதா தடம் வடகிழக்குப் பக்கமாக ஏறுவதால், ஏழாம், எட்டாம் நிலையக் குடில்களின் வாசலிலிருந்தே சூரியன் எழுவதைப் பார்க்கலாம். உச்சிக்குப் போனால்தான் உதயம் என்பது தவறான எண்ணம். ஆகஸ்ட் நடுவிலோ, 11-ஆம் தேதி மலை நாள் விடுமுறை, அதையொட்டி முன்னோரை நினைவுகூரும் ஓபோன் பண்டிகை விடுமுறை என்று கூட்டம் அலைமோதும். விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் உச்சிக்கு அருகே வரிசை நகரவே நகராது, அந்தக் குளிரில் நின்றுகொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஆகவே உங்களைப் போன்றவர்களுக்கு நான் சொல்வது, நன்றாகத் தூங்கி எழுந்து, குடில் வாசலில் உதயத்தைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு மேலே போவதா என்று இருவருமாகத் தீர்மானியுங்கள் என்பதே. வெளிச்சத்தில், கூட்டம் கரைந்த தடத்தில் ஏறுவது வேறு அனுபவம். முன்னாட்களில் வெள்ளுடையும் கைக்கோலுமாக இந்த மலைக்கு யாத்திரை வந்த பக்தர்களும் அடிவாரத்துப் பூசாரிகளின் வீடுகளில் தங்கி, வழியில் குடில்களில் இளைப்பாறித்தான் ஏறினார்கள். 2013-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதை இயற்கைச் சின்னமாக அல்லாமல் பண்பாட்டுச் சின்னமாக உலக மரபுப் பட்டியலில் சேர்த்ததற்கு அந்த வழிபாட்டு மரபும் ஒரு காரணம்.

திரும்புவதற்கான நிபந்தனைகளைக் கீழேயே, தெளிந்த மனத்தோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். இருவரில் ஒருவர் "போதும்" என்றால் அதுவே இருவருக்குமான முடிவு. மற்றவர் வற்புறுத்தவோ முகம் சுளிக்கவோ கூடாது. தலைவலியோடு வாந்தியும் சேர்ந்தால் இரவானாலும் குடில்காரரிடம் சொல்லுங்கள். பருவகாலத்தில் ஏழாம், எட்டாம் நிலையங்களை ஒட்டி மருத்துவ உதவி மையங்கள் இயங்குகின்றன, இறங்க எந்தக் குறுக்குவழியைப் பிடிப்பது என்பதையும் அவர்களே காட்டுவார்கள். இடி முழங்கினால், புயல் அறிவிப்பு வந்தால், அன்று மலை கிடையாது. நுழைவுக் கட்டணமும் குடில் பணமும் போய்விடுமே என்ற கணக்கை அந்த இடத்தில் போடாதீர்கள். அவசர உதவிக்கு மருத்துவ ஊர்தி எண் 119, காவல்துறை எண் 110. உங்கள் பயணக் காப்பீட்டில் மலையேற்றத்துக்கு உயர வரம்பு ஏதும் போட்டிருக்கிறார்களா என்பதையும் இப்போதே படித்துப் பாருங்கள்.

பொருள்களைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. கணுக்காலை மூடும் மலைக்காலணி, மேல்சட்டை கால்சட்டை எனத் தனித்தனியான மழையுடை, தலைவிளக்கு, கைக்கோல், சரளை புகாமல் காலணியின் வாயை மூடும் உறை ஆகிய அனைத்தும் ஷின்ஜுகுவிலும் கவாகுச்சிகோ ஏரிப் பக்கத்திலும் வாடகைக்குக் கிடைக்கும். காலணியை மட்டும் முந்தைய நாளே வாடகைக்கு எடுத்து, போட்டு நடந்து பாருங்கள். குடை அந்தக் காற்றுக்கு நிற்காது. போர்வைபோன்ற மழையங்கி மேலே பறந்து முகத்தை மூடும். பருத்தி பனியனும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது. எளிதில் உலரும் விளையாட்டுத் துணியே உள்ளே இருக்கட்டும். ஊட்டிக்கு வாங்கிய குளிர்ச்சட்டையை அதன் மேலே அணியலாம், அது வீணாகாது. பாறைகளைப் பிடிக்கக் கையுறை கட்டாயம்.

ஆகஸ்ட் நடுவில் குடில் கிடைப்பது கடினம். வசந்த காலத்திலேயே முன்பதிவு தொடங்கி, விடுமுறை நாள்கள் வேகமாக நிரம்பிவிடும். வார நாள் ஒன்றுக்கு முயன்று பாருங்கள். கிடைக்கவில்லை என்றால், தயவுசெய்து குடில் இல்லாமல் ஏறாதீர்கள். தடங்கள் அடைக்கப்படும் செப்டம்பர் 10-க்குப் பிறகு கூட்டமின்றிப் போகலாம் என்றும் எண்ண வேண்டாம். அப்போது குடில்களும் உதவி மையங்களும் மூடியிருக்கும், சீக்கிரமே பனி இறங்கத் தொடங்கும். அதற்குப் பதிலாக ஐந்தாம் நிலையத்திலிருந்து ஒகுனிவா வரை மலையின் இடுப்பைச் சுற்றினாற்போல் செல்லும் ஒச்சூதோ என்ற பழைய பாதையில் ஒன்றிரண்டு மணி நேரம் நடக்கலாம். ஏற்றம் மிகக் குறைவு, மரங்களுக்கு நடுவே செல்லும் இடங்களும் உண்டு, தலைக்கு மேலே உச்சி தெரிந்துகொண்டே வரும். சற்றே கடினமான நடை வேண்டுமென்றால், கவாகுச்சிகோவுக்கு எதிரே நிற்கும் 1,785 மீட்டர் மித்சுதோகே மலைக்குப் பகலில் ஏறி இறங்கலாம். முழு ஃபூஜியையும் அங்கிருந்து எதிரே நிறுத்திப் பார்க்கலாம். அன்றிரவு கவாகுச்சிகோவிலேயே வெந்நீர் ஊற்று உள்ள விடுதியில் தங்கிவிட்டு, மறுநாள் காலை மிஷிமா வரை பேருந்தில் சென்று அங்கே கியோத்தோ ரயிலைப் பிடியுங்கள்.